புது இன்வெர்ட்டர் வாங்கும் முன் செத்ததைத் திறந்து பாருங்கள்

போன அக்டோபரில், தீபாவளிக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருந்த நேரத்தில், என் லேத்தின் மோட்டாரை ஓட்டும் இன்வெர்ட்டர் (வீட்டில் பேட்டரியோடு வைக்கும் இன்வெர்ட்டர் இல்லை) போய்விட்டது. அதற்குப் பதிலாக வாங்கிப் போட்ட புதுசு பதினோரு நாள் ஓடி அதுவும் போனது. இரண்டையும் கொன்றது ஒரே கோளாறுதான். முதல் இன்வெர்ட்டர் போன அன்றே பத்து நிமிடம் செலவழித்து அதைச் சோதித்திருந்தால் இரண்டாவது தப்பியிருக்கும். இது மற்றவர்களுக்கும் நடக்கக்கூடாது என்றுதான் எல்லாவற்றையும் விவரமாக எழுதுகிறேன்.

எனக்கு மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், பெரிய சாலைக்குப் பின்னால் இருக்கும் கடை வரிசையில் ஒரு சின்னப் பட்டறை. ஒரு லேத், ஒரு டிரில், வெல்டிங். வேலை பெரும்பாலும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்துதான் வரும். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார். இன்றைக்கு எங்கே திரும்பினாலும் செம்பனை. குலை ஏற்றும் மினி டிராக்டர், டிரெய்லர் இவற்றின் இணைப்புப் பின் (pin), புஷ், தேய்ந்துபோன ஷாஃப்ட், இவைதான் என் சோறு. அவசர வேலைகள் என்றே சொல்லலாம், ஏனென்றால் வெட்டிய குலையை அதிகம் தேங்கவிட முடியாது, இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேராவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் இறங்கிவிடும். டிரெய்லரின் பின் ஒடிந்தால் அன்றைக்கே தோட்டத்து மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், என் கடை வாசலில் வந்து நிற்பார்.

லேத் பழசு, மூடிய ஒரு ரப்பர் ஆலையில் ஏலத்துக்கு வந்தபோது எடுத்தது. மோட்டார் மூன்று பேஸ், 1.5 கிலோவாட். என் கடைக்கு வருவது ஒற்றை பேஸ் 240 வோல்ட்தான். அதனால் நடுவில் ஓர் இன்வெர்ட்டர். அது வருகிற மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, கேபசிட்டரில் தேக்கி, ஐஜிபிடி என்ற ஆறு மின்னணுச் சுச்சுகளால் வெட்டி வெட்டி மூன்று பேஸாக மோட்டாருக்கு அனுப்பும். கூடவே சுற்று வேகத்தையும் ஒரு குமிழில் வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பழகியவர்களுக்குத் தெரியும், பித்தளைக்கு ஒரு வேகம், வார்ப்பிரும்புக்கு ஒரு வேகம் என்று ஓடுகிற ஓட்டத்திலேயே மாற்றுவது எவ்வளவு சுகம் என்று.

முதல் இன்வெர்ட்டர் போனதற்கு முந்தின நாள் சாயங்காலம் நல்ல இடி. அக்டோபர், நவம்பரில் இங்கே மதியத்துக்கு மேல் இடி இல்லாத நாளைத் தேடவேண்டும். மறுநாள் காலை ஒரு ஹப் கடைந்துகொண்டிருந்தேன், கொஞ்சம் ஆழமாக வெட்டும்போது மெஷினின் அடியிலிருந்து டப் என்று ஒரு சத்தம், வேலைப் பொருளைப் பிடித்துச் சுற்றும் சக் மெதுவாகச் சுற்றி நின்றுவிட்டது. இன்வெர்ட்டரின் திரை எரிந்துகொண்டுதான் இருந்தது. ரன் அழுத்தினால் மோட்டார் லேசாக உறுமும், உடனே ஓசி என்று எழுத்து வரும், அதாவது அளவுக்கு மீறிய மின்னோட்டம். மறுபடி அழுத்தினேன், மறுபடி ஓசி. சரி, நேற்றைய இடி போட்டுவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். பழைய பெட்டியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, இணையத்தில் மலிவாக ஒரு 1.5 கிலோவாட் இன்வெர்ட்டரை வாங்கி, இருந்த கம்பிகளிலேயே மாட்டினேன். அது வந்து சேரும்வரை அவசரப் பின்களை அடுத்த வரிசைச் சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், லேத்தில் கடைந்துகொடுத்தேன். அவர் காசு வாங்கவில்லை, அதை இங்கே சொல்லியாக வேண்டும்.

பதினோராம் நாள், தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, அதே டப். இந்த முறை திரையும் போய், பிரேக்கரும் விழுந்துவிட்டது. தூக்கிவிட்டால் உடனே விழுகிறது.

அப்போதுதான் சார்ஜ்மேன் அண்ணனிடம் போனேன். ஆலையில் முப்பது வருடத்துக்கு மேல் மின்சாரப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். நான் அவரிடம் கேட்டது, எந்தப் பிராண்ட் இன்வெர்ட்டர் வாங்கலாம் என்று. அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை.

"தம்பி, செத்தது ரெண்டையும் கொண்டா முதல்ல. புதுசு பத்தி அப்புறம் பேசலாம்."

கொண்டுபோனேன். அலமாரியில் கிடந்ததைக்கூட அவர் நேராகத் தொடவில்லை. மீட்டரை நேர்மின்சார வோல்ட்டில் வைத்து பி (P), என் (N) என்று குறித்திருக்கும் இரண்டு முனைகளுக்கு நடுவில் முதலில் அளந்து, சுழியம் என்று பார்த்த பிறகுதான் கையை வைத்தார். இதை யாரும் அலட்சியமாக நினைக்க வேண்டாம். 240 வோல்ட் உள்ளே வந்தால் கேபசிட்டரில் 340 வோல்ட் நிற்கும். திரை அணைந்துவிட்டது என்பதால் அது வடிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. மின்சாரத்தை நிறுத்தி, பத்து நிமிடம் காத்திருந்து, அதற்கு மேல் மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் திருகைத் தொடவேண்டும்.

பிறகு அவர் செய்த சோதனைக்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். உள்ளே வரும் கம்பி, மோட்டாருக்குப் போகும் கம்பி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மீட்டரை டயோட் சோதனையில் வைக்கிறோம். மீட்டரின் சிவப்பு முனையை 'என்' முனையில் வைத்து, கறுப்பை உள்வரும் முனைகள் ஒவ்வொன்றிலும் தொடுகிறோம். 0.4 முதல் 0.6 வரை காட்டினால் நல்லது. முனைகளை மாற்றிப் பிடித்தால் ஒன்றும் காட்டக்கூடாது. அடுத்து கறுப்பைப் பியில் வைத்து, சிவப்பை உள்வரும் முனைகளில் தொட்டு அதே மாதிரி பார்க்கிறோம். இவ்வளவும் உள்வாசல், அதாவது ரெக்டிஃபையர். பிறகு இதே நான்கு பிடியையும் யு, வி, டபிள்யூ என்ற மோட்டார் முனைகளில் செய்தால் வெளிவாசல், அதாவது ஐஜிபிடி பக்கம். எந்த இடத்திலாவது இரண்டு பக்கமும் 0.00 காட்டினால் அது உள்ளே ஒட்டிப்போயிற்று.

என் முதல் இன்வெர்ட்டரில் உள்வாசல் சுத்தமாக இருந்தது, 0.48, 0.49. வி, டபிள்யூவும் நன்றாக இருந்தன. யு முனைக்கும் 'என்' முனைக்கும் நடுவில் 0.00.

அண்ணன் மீட்டரை என் பக்கம் திருப்பி வைத்தார். "இடி எந்த வழியா வரும்? லைன் வழியா. லைன் வழியா வந்தா முதல்ல அதிக வோல்ட்டைத் தாங்கிக்கிற வேரிஸ்டர் வெடிச்சிருக்கணும், ரெக்டிஃபையர் போயிருக்கணும். இதுல அது ரெண்டும் புதுசு மாதிரி இருக்கு. திரைகூட எரிஞ்சதுன்னு நீயே சொல்றே. இது மோட்டார் பக்கத்துல இருந்து அடி வாங்கியிருக்கு."

அவர் அடுத்து கேட்ட கேள்விதான் என்னைச் சுருக்கென்று தைத்தது. "இந்த மாசம் ஈஎல்சிபி எத்தனை தடவை விழுந்துச்சு?"

மூன்று தடவை. மூன்று தடவையும் லேத் ஓடிக்கொண்டிருந்தது. மழைக்காலம், ஈரம், எங்கேயோ கசிகிறது என்று நினைத்துத் தூக்கிவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறேன். ஏர்த்துக்கு மின்சாரம் கசிகிறது என்று அந்தக் கருவி மூன்று முறை சொல்லியிருக்கிறது, நான் கேட்கவில்லை.

அன்று மாலை அவரே கடைக்கு வந்தார், கம்பியின் காப்பு எங்கேயாவது கசிகிறதா என்று அளக்கும், கையால் சுற்றுகிற பழைய மெக்கருடன். ஒன்று கவனிக்கவும், மெக்கர் 500 வோல்ட் அனுப்பும், இன்வெர்ட்டர் இணைந்திருக்கும்போது அதைப் போட்டால் நல்ல இன்வெர்ட்டரையும் கொன்றுவிடும். கம்பியை இன்வெர்ட்டர் முனையில் கழற்றிவிட்டுத்தான் போடவேண்டும். ஒரு முனையை மோட்டார் கம்பியிலும் மற்றதை லேத்தின் உடம்பிலும் கவ்வவைத்துச் சுற்றினார். முள் 50 மெகாஓமுக்கு மேல் போய் நின்றது. ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்தால்தான் பயப்படவேண்டும். மோட்டார் நன்றாக இருக்கிறதே அண்ணே என்றேன், எனக்கு அப்போது நிம்மதிக்குப் பதிலாகக் கலக்கம்தான் வந்தது, காரணம் தெரியாமல் மூன்றாவதை எப்படி மாட்டுவது?

அவர் சுற்றுவதை நிறுத்தவில்லை. "மோட்டாரைத் தூக்கு, பெல்ட் மாத்தறப்ப தூக்குவியே, அந்த மாதிரி."

என் லேத்தில் மோட்டார் ஒரு கீல் தட்டில் தொங்கும். அதைத் தூக்கித்தான் பெல்ட்டைப் புல்லியில் மாற்றுவோம். இரண்டு கையாலும் தட்டைப் பிடித்து மேலே தூக்கினேன். முள் அப்படியே இறங்கிச் சுழியத்தில் படுத்துவிட்டது. விட்டேன், ஏறியது. தூக்கினேன், விழுந்தது.

டார்ச்சைப் பிடித்துக்கொண்டு படுத்துப் பார்த்தோம். மோட்டார் கேபிள் லேத்தின் அடிப்பெட்டித் தகட்டில் ஒரு துளை வழியாக வருகிறது. துளையில் ரப்பர் வளையம் இல்லை. பத்து வருடமாகத் தட்டைத் தூக்கி இறக்கும் ஒவ்வொரு முறையும் கேபிள் அந்தத் தகட்டு விளிம்பில் உரசியிருக்கிறது. வெளி உறை வாய் பிளந்த மாதிரி வெட்டுப்பட்டிருந்தது. கூலன்ட் எண்ணெயும் இரும்புத் தூளும் சேர்ந்து கறுப்புப் பிசினாக அப்பியிருந்ததைத் துணியால் துடைத்தபோது, உள்ளே ஒரு கம்பியின் தோல் நகக்கண் அளவுக்கு உரிந்து, செம்பு புதுக்காசு மாதிரிப் பளபளத்தது. பளபளப்பு என்றால் அந்த இடத்தில் உரசல் அன்றாடம் நடக்கிறது என்று அர்த்தம். ஆழமாக வெட்டும்போது மோட்டார் உதறும், தட்டு கொஞ்சம் ஏறும், செம்பு தகட்டில் படும். அந்தக் கம்பி யு.

எல்லா இன்வெர்ட்டரும் இந்த மாதிரி ஏர்த் ஷார்ட்டைத் தாங்கி நிறுத்திக்கொள்ளாது. நல்ல ரகங்களில் அதற்கென்று தனிப் பாதுகாப்பு இருக்கும். மலிவானவை பலவற்றில் இருக்காது. ஈஎல்சிபி விழுவதற்குள் ஐஜிபிடி போய்விடும், அது போக மைக்ரோ வினாடிகள் போதும்.

இரண்டாவது இன்வெர்ட்டரை விற்றவரிடம் பேசியிருந்தேன், வாரண்டி கிடையாது என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேபிள் என் கேபிள்.

பழசைச் சரிசெய்ய முடியாதா என்று கேட்பவர்களுக்கு: முடியும். ஆனால் கணக்குப் பார்க்கவேண்டும். இந்த அளவு இன்வெர்ட்டரில் ரெக்டிஃபையரும் ஆறு ஐஜிபிடியும் ஒரே மாட்யூலாக, இருபதுக்கு மேற்பட்ட கால்களோடு போர்டில் பற்றவைத்திருக்கும். அதை மட்டும் மாற்றினால் போதாது, ஐஜிபிடி வெடிக்கும்போது அதை இயக்கும் டிரைவர் ஐசியும் கூடவே அடிபட்டிருக்கும். அதைப் பார்க்காமல் மாட்யூலை மாற்றினால் புது மாட்யூல் முதல் ரன்னிலேயே போகும். ஈப்போவில் போர்டு பார்க்கும் ஒருவர் 280 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார், உத்தரவாதம் இல்லாமல். புதுசு 2.2 கிலோவாட் அப்போது 430 வெள்ளி. ஆலையில் இருக்கும் பெரிய இன்வெர்ட்டர் என்றால் சரிசெய்வதில் அர்த்தம் உண்டு. என் அளவுக்குப் புதுசுதான் சரி என்று அண்ணனும் சொன்னார். மற்றபடி ஃபேன் மட்டும் நின்றுபோனது, கேபசிட்டர் தலை வீங்கியது, வேகக் குமிழ் தேய்ந்து வேகம் குதிக்கிறது, இவையெல்லாம் நாமே மாற்றக்கூடியவை, அதற்காகப் பெட்டியைத் தூக்கிப்போட வேண்டாம். குமிழ் தேய்ந்ததை இன்வெர்ட்டர் கோளாறு என்று நினைத்துப் புதுசு வாங்கியவரை எனக்குத் தெரியும்.

வாங்கும்போது பார்த்தது: உள்ளே ஒற்றை பேஸ் 220-240, வெளியே மூன்று பேஸ் 220-240 என்று தகட்டில் இருக்கவேண்டும். 380 வோல்ட் கேட்கும் ரகம் நம் கடைக்கு ஆகாது. கையேட்டில் ஏர்த் ஷார்ட் பாதுகாப்பு உண்டு என்று எழுதியிருக்கவேண்டும். மோட்டார் தகட்டில் 220 வோல்ட் டெல்டாவுக்கு 6.2 ஆம்ப் என்று இருக்கிறது. இன்வெர்ட்டர் தருவது அதைவிடக் கூடுதலாக இருந்தால் நிம்மதி, 2.2 கிலோவாட் ரகம் 10 ஆம்ப் தரும். ஆனால் அது லைனிலிருந்து இருபது ஆம்ப்புக்கு மேல் இழுக்கலாம், சாதாரண 13 ஆம்ப் பிளக்கில் சொருகக்கூடாது. உரிமம் உள்ள வயர்மேனை வைத்து, பிரேக்கர் பெட்டியிலிருந்து இதற்கென்று தனி லைன் இழுத்தோம்.

மோட்டாரின் இணைப்புப் பெட்டியையும் திறந்து பாருங்கள். ஆறு முனைகளில் பித்தளைத் தகடுகள் மூன்றும் ஒரே வரிசையை இணைத்திருந்தால் அது ஸ்டார், 380 வோல்ட்டுக்கு. மேலும் கீழுமாக மூன்று ஜோடியாக இணைத்திருந்தால் டெல்டா, நமக்கு வேண்டியது. ஸ்டாரில் விட்டு இந்த இன்வெர்ட்டரில் ஓட்டினால் மோட்டாரின் இழுவை மூன்றில் ஒரு பங்காகிவிடும். பிறகு வெட்டும்போது நிற்கிறது என்று இன்வெர்ட்டரைத் திட்டுவோம்.

கேபிளை முழுசாக மாற்றினேன். கவசம் உள்ள நான்கு கம்பிக் கேபிள், துளையில் கேபிளை உரசாமல் பிடிக்கும் கிளாண்ட், தட்டு ஏறி இறங்க ஒரு வளைவு தாராளமாக விட்டிருக்கிறேன். கவசம் இரண்டு முனையிலும் ஏர்த்தில். வேகக் குமிழின் கம்பியைத் தனியாக, மோட்டார் கேபிளோடு சேராமல் கொண்டுவந்தேன். இன்வெர்ட்டரை அடிப்பெட்டியிலிருந்து எடுத்துச் சுவரில் கண் உயரத்துக்கு ஏற்றியாயிற்று. முன்பு இருந்த இடத்தில் சூடும் அதிகம், வார்ப்பிரும்புத் தூளும் அதிகம். அந்தத் தூள் மின்சாரத்தைக் கடத்தும், ஃபேன் அதை உள்ளே இழுத்துப் போர்டில் பரப்பும். சூடு பத்து டிகிரி ஏறினால் கேபசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு, நம் ஊர் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இதைச் சும்மா விடமுடியாது. மேலும் கீழும் ஒரு சாண் இடம் விட்டு, காற்றுத் துளைகளுக்குப் பல்லியும் எறும்பும் நுழையாத அளவுக்கு நுண்ணிய வலை போட்டேன். வலையை வாரம் ஒரு முறை துடைக்கவேண்டும், இல்லாவிட்டால் அதுவே காற்றை அடைத்துவிடும்.

அமைப்புகளில் முதலில் வைத்தது மோட்டாரின் 6.2 ஆம்ப், 50 ஹெர்ட்ஸ். இதை வைக்காமல் ஓட்டினால் மோட்டார் கருகும்வரை இன்வெர்ட்டர் வேடிக்கை பார்க்கும். கீழ் எல்லை 15 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே மோட்டாரின் ஃபேனும் மெதுவாகச் சுற்றி மோட்டார் சூடாகிறது, மெதுவான வேலைக்குப் பெல்ட்டை மாற்றிக்கொள்வதே நல்லது. வேகம் ஏற 3 வினாடி, நிற்க 5 வினாடி. நிற்கும் நேரத்தைக் குறைத்துப் பார்த்தேன், கனமான சக்கின் வேகம் மின்சாரமாகத் திரும்பி வந்து ஓவர் வோல்ட்டேஜ் என்று நின்றது. அவசரமாக நிறுத்தவேண்டியவர்கள் அந்த மின்சாரத்தைச் சூடாக மாற்றும் பிரேக் ரெசிஸ்டர் போடவேண்டும். ஆனால் உங்கள் லேத்தில் சக் மரை போட்டுத் திருகும் வகை என்றால் வேகமாக நிறுத்துவதும் ரிவர்ஸ் ஓட்டுவதும் ஆபத்து, சக் தானே கழன்று வெளியே வரும்.

இன்னொன்று, இதை அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிச் செய்யவைத்தார். என் பழைய அமைப்பில் ரன் என்பது ஒரு திருப்புச் சுச்சு. இடி மழையில் மின்சாரம் போகும், நான் சுச்சை அணைக்க மறந்து டீ குடிக்கப் போவேன், மின்சாரம் திரும்பும்போது சக் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். இரண்டு தடவை அப்படி நடந்திருக்கிறது, ஒரு தடவை சக்கில் சாவி இருந்தது. நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை. இப்போது பச்சை, சிவப்பு என்று இரண்டு அழுத்துப் பொத்தான். அழுத்தினால்தான் ஓடும், மின்சாரம் போய் வந்தால் நின்றே இருக்கும். இன்வெர்ட்டரிலும் தானாக மறுபடி ஓடும் அமைப்பை நிறுத்திவைத்தோம். அதோடு, மோட்டாருக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் இருந்த பழைய கன்டாக்டர் சுச்சை எடுத்துவிட்டோம், ஓடும்போது அந்த இடத்தில் வெட்டினால் அதுவும் ஐஜிபிடிக்குக் கேடு.

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் முதல் வெட்டு. அண்ணன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அரை அங்குலப் பின்னில் ஆரம்பித்து, கடைசியில் அதே ஹப்பை அதே ஆழத்தில் வெட்டச் சொன்னார். மோட்டார் உதறியது, தட்டு ஏறி இறங்கியது. திரையில் 5.1 ஆம்ப், அசையவில்லை. ஈஎல்சிபியும் விழவில்லை.

அவர் போகும்போது சொன்னபடி ஒரு மாதம் கழித்து மின்சாரத்தை நிறுத்தி, காத்திருந்து, பி, என் முனைகளில் அளந்துவிட்டு எல்லாத் திருகுகளையும் இறுக்கினேன். உள்வரும் முனையில் ஒன்று கால் சுற்று இறங்கியது.

இரண்டு செத்த பெட்டிகளும் அலமாரியில்தான் இருக்கின்றன, எந்த முனையில் எவ்வளவு காட்டியது என்று மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டியிருக்கிறேன். முதலாவதிலிருந்து ஃபேனைக் கழற்றி வைத்துவிட்டேன், அது நன்றாக ஓடுகிறது.